டிஜிட்டல் பேட்ஜில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது

கேள்வி: வியாசர்பாடியில் மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறோம். ஆர்க் வெல்டிங், டேலியுடன் ஜிஎஸ்டி கணக்கு, தையல் ஆகிய மூன்றையும் கற்றுத் தருகிறோம். இந்த ஆண்டிலிருந்து தாள் சான்றிதழுடன், இணையத்தில் திறந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சான்றான டிஜிட்டல் பேட்ஜும் வழங்குகிறோம். பேட்ஜ் வழங்கும் தளம் பெயர், விளக்கம், தகுதி நிபந்தனைகள், ஆதாரம் எனப் பல பகுதிகளை நிரப்பச் சொல்கிறது. 'பயிற்சியை வெற்றிகரமாக முடித்தமைக்காக வழங்கப்படுகிறது' என்ற ஒரே வரியை எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறோம். இது போதுமா? தமிழில் எழுதலாமா?

பதில்: போதாது. தமிழில் தாராளமாக எழுதலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாணவரின் பேட்ஜைத் திறந்து பார்க்கப்போகிறவர் உங்கள் மையத்துக்கு ஒருநாளும் வந்திருக்க மாட்டார். அவர் மணலியில் பராமரிப்பு வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளராக இருக்கலாம். மண்ணடியில் கணக்கு எழுத ஆள் தேடும் மொத்த வியாபாரியாகவும் இருக்கலாம். உங்கள் பயிற்சியாளர் எவ்வளவு கண்டிப்பானவர், தேர்வு எப்படி நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தாள் சான்றிதழில் இடம் குறைவு, ஆகவே ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். பேட்ஜில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு சொடுக்கில், இவர் எதைச் செய்து காட்டினார், எந்த நிலைமையில் செய்தார், யார் பார்த்து ஒப்புக்கொண்டார் என்பது முழுவதையும் படிக்க முடியும். அந்த இடத்தில் 'வெற்றிகரமாக முடித்தமைக்காக' என்று மட்டும் எழுதினால், தாளில் இருந்த குறையையே திரைக்குக் கொண்டுபோனதாகும்.

முதலில் பேட்ஜ் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எதை எங்கே எழுதுவது என்பது அதைப் பொறுத்தது. இன்று பெரும்பாலான தளங்கள் பின்பற்றும் 'ஓப்பன் பேட்ஜஸ்' என்ற திறந்த தரநிலையை மொசில்லா நிறுவனம் 2011-இல் தொடங்கியது. 2017-இல் அதன் பொறுப்பு ஐ.எம்.எஸ். குளோபல் என்ற அமைப்புக்குப் போனது. அந்த அமைப்பு 2022-இல் 1எட்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இத்தரநிலையின்படி ஒவ்வொரு பேட்ஜிலும் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று பொது அடுக்கு: பேட்ஜின் பெயர், விளக்கம், படம், தகுதி நிபந்தனைகள், வழங்கும் நிறுவனம் ஆகியவை அதில் வரும், அந்தப் பேட்ஜைப் பெறும் அனைவருக்கும் அது ஒன்றே. மற்றது தனியாள் அடுக்கு: பெறுபவர் யார், எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, அவருடைய ஆதாரம் என்ன, காலாவதி உண்டா என்பவை அதில் அடங்கும். ஒருவருடைய மதிப்பெண்ணைப் பொது விளக்கத்தில் எழுதுவதும், எல்லோருக்கும் பொதுவான நிபந்தனையை ஒவ்வொருவரின் ஆதாரப் பகுதியிலும் திரும்பத் திரும்ப ஒட்டுவதும், இந்தப் பிரிவைக் கவனிக்காததால் நேர்பவை.

பொது அடுக்கில் மூன்று எழுத்துப் பகுதிகள் முக்கியம். பெயர் குறுகியதாகவும் திறமையைச் சுட்டுவதாகவும் இருக்க வேண்டும். 'வெல்டிங் சாதனையாளர்' என்பது பெயரே அல்ல, அது பாராட்டு. விளக்கம் என்பது இந்தப் பேட்ஜை வைத்திருப்பவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்வது. தகுதி நிபந்தனைகள் என்பது இதைப் பெறுவதற்கு அவர் என்னென்ன செய்து காட்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்வது. விளக்கம் ஆளைப் பற்றியது. நிபந்தனை தேர்வைப் பற்றியது. உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை நிபந்தனைப் பகுதிக்கே ஒதுக்குங்கள் என்பேன், ஏனென்றால் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. விளக்கத்தில் யாரும் எதையும் எழுதிவிடலாம். தேர்வு நடத்தாத ஒரு மையத்தால் நிபந்தனையை விரிவாக எழுத முடியாது.

உங்கள் வெல்டிங் பேட்ஜையே எடுத்துக்கொள்வோம். 'ஆர்க் வெல்டிங் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தவர். தொழிற்சாலைகளில் பணிபுரியத் தேவையான அனைத்துத் திறன்களும் பெற்றவர்' என்ற வகையில்தான் பல மையங்கள் எழுதுகின்றன. எண்ணூர்ப் பக்கம் உள்ள ஒரு பட்டறையின் ஃபோர்மேன் இதைப் படித்தால் அவருக்குள் எழும் கேள்விகள் பல. கிடைமட்டத்தில் மட்டும் அடிப்பாரா, நிமிர்ந்த நிலையில், அதாவது 3ஜி-யில் அடிப்பாரா? பிளேட்டா, பைப்பா? எவ்வளவு கனம்? எந்த ராடு? அடித்த ஜாயின்ட்டை யாராவது வளைத்துப் பார்த்தார்களா, வெறும் கண்ணால் பார்த்து விட்டுவிட்டார்களா? இவற்றில் ஒன்றுக்கும் அந்த வரியில் விடை இல்லை. ஆகவே அவர் பேட்ஜை மூடிவிட்டு, 'ஒரு துண்டு அடித்துக் காட்டு' என்பார். அப்படிக் கேட்பது அவருடைய உரிமை; ஆனால் அந்த வாய்ப்புக்கு முன்பே விண்ணப்பங்களைச் சலித்து எடுக்கும் இடத்தில் உங்கள் மாணவர் நின்றுபோய்விடக் கூடாது.

உங்கள் மையத்தில் தேர்வு உண்மையாகவே அப்படி நடந்திருக்குமானால், அதே பேட்ஜின் நிபந்தனைப் பகுதியை இப்படி எழுதலாம்:

'இந்தப் பேட்ஜைப் பெறுபவர், 10 மி.மீ. கனமுள்ள இரண்டு மைல்டு ஸ்டீல் பிளேட்டுகளின் விளிம்புகளை வி வடிவில் தாமே தயார் செய்து, 3.15 மி.மீ. இ7018 வகை ராடைக் கொண்டு, 3ஜி நிலையில் கீழிருந்து மேலாக வெல்டிங் செய்தார். பணியின்போது பயிற்சியாளர் கைகொடுக்கவோ குறிப்புச் சொல்லவோ இல்லை. வெல்டிங் செய்த பகுதியில் விரிசல் எதுவும் இல்லை என்பதும், அண்டர்கட் (வெல்டிங் ஓரத்தில் விழும் பள்ளம்) 0.5 மி.மீ. ஆழத்துக்கு மேல் இல்லை என்பதும் கண்ணாலும் கேஜாலும் சரிபார்க்கப்பட்டன. வெட்டியெடுத்த பட்டைகள் வளைவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. எக்ஸ்ரே சோதனை செய்யப்படவில்லை. பைப் வெல்டிங்கும் தலைக்கு மேலான 4ஜி நிலையும் இந்தப் பேட்ஜில் அடங்கா. மதிப்பிட்டவர், இவருக்குப் பாடம் நடத்தாத வேறொரு வெல்டிங் பயிற்சியாளர்.'

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. 'சிறந்த', 'திறம்பட', 'முழுமையான' என்ற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் முந்தைய வரியைக் காட்டிலும் இது அந்த மாணவரை உயர்த்தியே காட்டுகிறது.

கடைசியில் வரும் விலக்கு வாக்கியங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மையங்கள் தயங்குவது இங்கேதான். 'பைப் வெல்டிங் அடங்காது என்று நாமே எழுதினால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?' என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். எல்லாம் தெரியும் என்ற பேட்ஜை நம்பி, 4ஜி நிலையில் அடிக்கச் சொல்லி ஒரு பையனைச் சாரத்தின் மேல் ஏற்றிவிட்டால், அவமானப்படுவது அவன். விபத்து நேர்ந்தால் அடிபடுவதும் அவன். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் உங்கள் மையத்தின் எந்தப் பேட்ஜும் செல்லாது. அடுத்த ஆண்டு படித்து முடிக்கும் பிள்ளைகளும் அந்தச் சுமையைச் சுமப்பார்கள். எல்லையைச் சொல்லும் பேட்ஜில் எல்லைக்குள் இருப்பதை நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். அதைப் பெற்ற மாணவருக்கும், அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பது அதே பக்கத்தில் தெரிந்துவிடும்.

வினைச்சொற்களில் கவனம் வேண்டும். 'அறிந்துகொண்டார்', 'புரிதல் பெற்றார்', 'விழிப்புணர்வு அடைந்தார்' என்பவற்றை வெளியிலிருந்து எவராலும் சரிபார்க்க இயலாது. 'பதிவு செய்தார்', 'கணக்கிட்டார்', 'வெட்டித் தைத்தார்', 'பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்' என்பவற்றைச் சரிபார்க்க இயலும். டேலி பயிற்சிக்கு 'ஜிஎஸ்டி பற்றிய ஆழ்ந்த அறிவு' என்று எழுதாமல், 'கொடுக்கப்பட்ட ஒரு மாதத்துக் கொள்முதல், விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிவு செய்து, ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரித்தாக்கல் படிவங்களுக்குத் தேவையான அறிக்கைகளை எடுத்து, வேண்டுமென்றே வைக்கப்பட்ட வரிவிகிதப் பிழைகளைத் திருத்தினார். பயிற்சித் தரவில் செய்யப்பட்டது, உண்மையான வணிகரின் கணக்கில் தாக்கல் செய்யப்படவில்லை' என்று எழுதினால் மண்ணடி வியாபாரிக்கு விளங்கும். மென்பொருளின் பெயரும் முக்கியம்: டேலி இ.ஆர்.பி. 9-இல் பயின்றவரும் டேலி பிரைமில் பயின்றவரும் பார்த்துப் பழகிய திரைகள் வேறு. ஆண்டும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெருமளவு மாறின. அதற்கு முந்தைய விகிதங்களில் பயின்றவர் என்பது பேட்ஜிலேயே தெரிந்தால், வேலை கொடுப்பவர் தேவையானதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

வகுப்புக்கு வந்தவருக்கும் தேர்வில் தேறியவருக்கும் ஒரே பேட்ஜைத் தராதீர்கள். வருகைக்கு ஒரு பேட்ஜ் தருவதில் தவறில்லை. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்கார்வதே பெரிய காரியம், அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் 'பங்கேற்றார்; திறன் தேர்வு நடத்தப்படவில்லை' என்பது தெளிவாக இருக்க வேண்டும். தரநிலையின் 3.0 பதிப்பில் சாதனையின் வகையைக் குறிக்கத் தனி இடமே உண்டு; பாடநெறி முடிப்பு, திறன், தொழில் உரிமம் என்று வகைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தளத்தில் அந்த வசதி இருந்தால் சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சி மணிநேரத்தைக் குறிப்பிடுங்கள்; திட்டமிட்ட நேரத்தை அல்ல, நடந்த நேரத்தை. செய்முறைக்கு எவ்வளவு, பாடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. மதிப்பெண் எழுதுவதானால் எதற்கு எத்தனை, தேர்ச்சிக்கு எவ்வளவு என்பவையும் கூடவே வர வேண்டும். கற்ற நேரத்தை வைத்துக் கணக்கிடும் கல்வி அலகான 'கிரெடிட்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணிநேரக் கற்றல் ஒரு கிரெடிட் என்பதைப் படித்துவிட்டு, '60 மணிநேரம் நடத்தினோம், ஆகவே 2 கிரெடிட்' என்று தாங்களே போட்டுக்கொள்ளக் கூடாது. கிரெடிட் வழங்க அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் அதை வழங்க முடியும். தொழில் தகுதிகளை நிலை வாரியாகப் பிரிக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் நிலை எண்ணுக்கும் இதே விதி பொருந்தும். உங்கள் பாடநெறி அங்கீகரிக்கப்பட்ட தகுதியாக இருந்தால் மட்டுமே 'நிலை 3' என்றோ 'நிலை 4' என்றோ எழுதலாம். அங்கீகாரம் இல்லாமல் பாடத்திட்டத்தை மட்டும் ஒட்டி நடத்தினீர்கள் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள்: 'இன்ன தொழில் தரநிலையின் இன்ன பகுதியைத் தழுவிய பாடத்திட்டம், தேசியத் தகுதியாக மதிப்பிடப்படவில்லை.' மண்டபம் கொடுத்த நிறுவனத்தின் சின்னத்தைப் பேட்ஜில் போட்டு, அந்த நிறுவனமே மதிப்பிட்டதுபோல் தோன்றச் செய்வதும் எனக்கு ஏற்புடையதல்ல. நன்றி சொல்ல விளக்கத்தில் இடம் இருக்கிறது.

ஆதாரம் என்ற பகுதி கட்டாயமல்ல; ஆனால் நன்றாகச் செய்தால் பேட்ஜின் மதிப்பு பல மடங்கு கூடும். தையலுக்கு, மாணவி அளவெடுத்து வெட்டித் தைத்த ரவிக்கையின் முன்புறம், பின்புறம், உட்புறத் தையல் ஆகியவற்றைக் காட்டும் மூன்று படங்கள் போதும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைக்காரர் ஒருவர் உட்புறத் தையலைத்தான் முதலில் பார்ப்பார், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். படத்துக்குக் கீழே, 'கழுத்தும் கைக்குழியும் உதவியின்றி வெட்டப்பட்டவை. கொக்கிகள் கையால் தைத்தவை' என்று ஓரிரு வரி எழுதுங்கள். இணைப்புகள் திறக்கின்றனவா என்பதை வேறொரு கைபேசியிலிருந்து சோதித்துப் பாருங்கள். கூகுள் டிரைவில் போட்டுவிட்டு அனுமதியைத் திறந்துவைக்க மறந்த ஆதாரம், ஆதாரமே இல்லாததைவிட மோசமான எண்ணத்தை உண்டாக்கும். முகம் தெரியும் படங்களுக்கும் காணொளிகளுக்கும் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை என்றே கருதப்படுகிறார். அவர் தொடர்பான தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ரவிக்கை அளவு எடுத்த குறிப்பேட்டைப் படம் எடுத்துப் போடும்போது, அளவு கொடுத்த பெண்ணின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தகைய இடங்களில்தான் கவனம் தவறும்.

காலாவதித் தேதியைத் தொழிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெல்டிங் உலகில் இதற்குத் தெளிவான வழக்கம் உண்டு: ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிகளின்படி, ஒரு வெல்டர் குறிப்பிட்ட முறையில் ஆறு மாதங்கள் வேலையே செய்யாமல் இருந்தால் அம்முறையில் அவருடைய தகுதி முடிவுக்கு வந்துவிடும். அதற்காக உங்கள் பேட்ஜுக்கும் ஆறு மாதக் காலாவதி போட வேண்டியதில்லை. உங்களுடையது பயிற்சித் தேர்வு, அந்த விதிகளின்கீழ் வரும் தகுதித் தேர்வு அல்ல. ஆனால் அதையே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்: 'இது வழங்கிய தேதியில் காட்டிய திறமைக்கான சான்று; நிறுவனத்தின் வெல்டர் தகுதித் தேர்வுக்கு மாற்று அல்ல.'

எழுதியதைப் பிறகு திருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய 2.0 பதிப்பில், பேட்ஜ்கள் பெரும்பாலும் உங்கள் தளத்தில் உள்ள பொதுப் பக்கத்தைச் சுட்டுகின்றன. அந்தப் பக்கத்தை மாற்றினால் ஏற்கெனவே பெற்றவர்களின் பேட்ஜும் சேர்ந்து மாறிவிடும். அடுத்த ஆண்டு வளைவுச் சோதனையைச் சேர்த்துப் பொதுப் பக்கத்தில் எழுதினால், இவ்வாண்டு அச்சோதனையைச் சந்திக்காதவர்களும் சந்தித்ததாகக் காட்டும். அது பொய்ச் சான்று ஆகிவிடும், யாரும் அதை வேண்டுமென்று செய்யாவிட்டாலும். 2024-இல் வெளியான 3.0 பதிப்பில், இந்த விவரங்கள் பேட்ஜுக்குள்ளேயே டிஜிட்டல் கையொப்பத்துடன் அடங்கியிருக்கும். வழங்கிய பின் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த இயலாது, மீண்டும்தான் வழங்க வேண்டும். எந்தப் பதிப்பானாலும், எழுத்துப் பிழையைத் தவிர வேறு எதை மாற்றினாலும் புதிய பேட்ஜாகவே உருவாக்குங்கள். பெயரிலோ விளக்கத்திலோ ஆண்டைச் சேர்த்துவிடுங்கள்.

இனி மொழி. முதலில் தமிழில் எழுதுங்கள் என்பதே என் ஆலோசனை. பயிற்சியாளர் தமிழில் யோசித்து, பட்டறையில் புழங்கும் சொற்களிலேயே 'ராடு', 'பிளேட்', 'கேஜ்' என்று எழுதும்போது, தான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறார். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வாக்கியங்கள் வந்து நிரம்பிவிடுகின்றன. பேட்ஜ் பெற்றவரும் அவருடைய குடும்பத்தாரும் படித்து, 'இதில் இருப்பது சரிதான், இதை நான் செய்தேன்' என்று சொல்ல முடிவதும் தமிழில் இருந்தால்தான். பிறகு ஆங்கில வடிவத்தை அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவில் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இரண்டிலும் எண்கள், நிலைகள், விலக்குகள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்கட்டும்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முக்கியமான செய்தி எதுவும் படத்தில் மட்டும் இருக்கக் கூடாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்துக்குள் உள்ள எழுத்தைப் படிக்காமல் போகலாம். இன்னொன்று, நம் ஊரில் எல்லாமே வாட்ஸ்ஆப்பில்தான் போகிறது. பேட்ஜின் பி.என்.ஜி. கோப்புக்குள் சரிபார்ப்புத் தகவல் பொதிந்திருக்கலாம்; அதை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், சுருக்கப்படும்போது அந்தத் தகவல் போய்விடும். பார்ப்பவர் கையில் வெறும் படம்தான் மிஞ்சும். ஆகவே இணைப்பை அனுப்பும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதேபோல் பேட்ஜ் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியோடுதான் கட்டப்படுகிறது. பிரவுசிங் சென்டரில் யாரோ திறந்து கொடுத்த, கடவுச்சொல் மறந்துபோன முகவரியைத் தந்தால், பிறகு அதைத் தன்னுடையது என்று காட்டவே திண்டாட வேண்டியிருக்கும். சேர்க்கையின்போதே அவரவர் சொந்த முகவரியைத் திறந்து கொடுத்து, அதை அவர் கைபேசியிலேயே உள்நுழைந்து காட்டச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததைச் சோதிக்க எளிய வழி ஒன்றிருக்கிறது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், மாணவரின் பெயரை மறைத்துவிட்டு நிபந்தனைப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுங்கள். 'இந்த ஆளைத் திங்கட்கிழமை காலையில் எந்த வேலையில் நிறுத்துவீர்கள், எதில் நிறுத்த மாட்டீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும், உங்கள் பயிற்சியாளர் அந்த மாணவரைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் மதிப்பீடும் ஒத்துப்போனால் எழுத்து சரியாக இருக்கிறது. அவர் கூடுதலாக நம்பினால் விலக்கைச் சேர்க்க வேண்டும். குறைவாக நம்பினால் செய்து காட்டியது எதையோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஏற்கெனவே அந்த ஒற்றை வரியோடு வழங்கிவிட்ட பேட்ஜ்களை என்ன செய்வது என்பது அடுத்து வரும் கேள்வி. தேர்வுப் பதிவேடு கையில் இருந்தால், யார் எதைச் செய்து காட்டினார் என்பதைப் பார்த்து, அந்த மாணவர்களுக்குப் புதிய நிபந்தனைகளோடு புதிய பேட்ஜ் வழங்குங்கள். தேர்வு நடந்த தேதியை அதில் தனியாகக் குறிப்பிடுங்கள். பதிவேடு இல்லாதவர்களுக்கு, பழைய பேட்ஜைப் 'பயிற்சியில் பங்கேற்றார்' என்ற அளவில் விட்டுவிட்டு, அவர்கள் விரும்பினால் ஒரு மாலையில் வந்து தேர்வை மட்டும் எழுதிச் செல்ல இடம் கொடுங்கள். முதலில் வெல்டிங்கைச் சரிசெய்யுங்கள். மூன்றில் தவறான சான்றால் உடலுக்கு ஆபத்து வரக்கூடியது அது ஒன்றுதான்.